பன்னிரண்டாவது ஸ்பூன்

மினசோட்டா
டிசம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. அலாஸ்காவில் உன் பள்ளிக்கூடமும் பிள்ளைகளும் நீயும் குளிருக்கு ஈடு கொடுத்து நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மா நலம், நான் நலம், நாய் பிஸ்கட்டும் நலம். இந்த வரிசை நான் போட்டதில்லை, அம்மா போட்டது, கிருமி குறைவாக இருப்பவர் முதலில் வரவேண்டுமாம். நீ அனுப்பிய சால்மன் டப்பாக்கள் வந்து சேர்ந்தன, ஆறும் சரியாக இருந்தன, இரண்டு முறை எண்ணினோம், எதற்காக இரண்டு முறை என்பது போகப் போகத் தெரியும். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போன் இருப்பது சமையலறைச் சுவரில், அம்மாவும் இருப்பது சமையலறையில், அவள் காதுபட இதைச் சொல்லும் தைரியம் போன வாரம் வரை எனக்கு இல்லை. இப்போது எல்லாம் வெளியே வந்தாயிற்று, ஆனாலும் நான் சொல்லச் சொல்ல நீ நடுவில் சிரித்துவிடுவாய், எனக்கு வரிசை தப்பிவிடும். அதனால் தாளில் இறக்கிவிட்டேன்.

அம்மா கல்லூரிக்குப் போவது உனக்குத் தெரியும், எப்படிப் போகிறாள் என்பது உனக்குத் தெரியாது. இரண்டு வருடம் முன்பு எனக்குப் பித்தப்பை எடுத்தார்களே, அன்றைக்கு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் போட்டுக் காட்டின ஆபரேஷன் படத்தில் அவளுக்கு டாக்டரைப் பற்றிக் கவலையே இல்லை. டாக்டர் கை நீட்டினால் கேட்காமலே அடுத்த சாமானை வைக்கிறாரே, வெட்டின இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, கடைசியில் தையலும் போடுகிறாரே, அந்த ஆள் யார் என்று நர்ஸைப் பிடித்துக் குடைந்துவிட்டாள். அறுவை உதவியாளர், அதற்கென்று கல்லூரியில் தனிப் படிப்பு இருக்கிறது என்று அந்தப் பெண் வாயைத் திறந்ததுதான் தாமதம். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு நான் இதைத்தானே செய்தேன், தையல் ஒன்றுதான் பாக்கி என்று சொல்லி, ஐம்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது. முதல் மாதம் அவளை டீச்சர் என்று நினைத்து வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து நீட்டினார்களாம், அவளும் பெரிய மனசு பண்ணித் திருத்திக் கொடுத்திருக்கிறாள்.

நிற்க. வீட்டு நிலவரத்துக்கு வருகிறேன். இந்த இலையுதிர் காலத்திலிருந்து நம் சமையலறை மேஜையில் நீலத் துணி விரித்திருக்கிறது. அதன் மேல் இருப்பதெல்லாம் சுத்தம், மற்றதெல்லாம் அசுத்தம். சுத்தம் என்றால் நாம் சொல்கிற சுத்தம் இல்லை, அதைவிட மேலே ஏதோ ஒன்று. இடுப்புக்குக் கீழே போன கை எவ்வளவு கழுவியிருந்தாலும் அசுத்தம், அதனால் நான் என் வீட்டிலேயே இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு பாதிரியார் மாதிரி நடமாடுகிறேன். மேஜைக்கு முதுகு காட்டக் கூடாது. ஒருவரை ஒருவர் தாண்டும்போது முதுகோடு முதுகாகத்தான் போகவேண்டும், முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் நாங்கள் இவ்வளவு நடனம் ஆடியதில்லை. உப்பு கேட்டால் அவள் உப்பு என்று சொல்லிக்கொண்டே கையில் வைப்பாள், நானும் உப்பு என்று திருப்பிச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் கையை எடுக்கமாட்டாள். எந்தச் சாமானை எடுத்தாலும் முன்னால் ஒரு எண்ணிக்கை, முடிந்ததும் ஒரு எண்ணிக்கை. இதெல்லாம் போதாதென்று அவள் டீச்சர் திருமதி பெக்ஸ்ட்ரம், முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற மனுஷி, வகுப்பில் சொன்ன ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். யார் கண்ணிலும் படாமல் நீ ஒரு தப்பு செய்தால் அதை அந்த நிமிடமே நீயேதான் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வாசகம். நான் தினமும் பாலுக்காக அந்தக் கதவைத் திறக்கிறேன், தினமும் படிக்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒத்துவராத சமாச்சாரம் என்று உனக்கே தெரியும். வீடு தீப்பிடித்தாலும் பக்கத்து வீட்டில் போய், உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் ஒரு வாளி தண்ணீர் கிடைக்குமா, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்கிற ஜனங்கள் நாம். வாயைத் திறந்து நாலு பேர் நம்மைத் திரும்பிப் பார்க்கும்படி செய்வதைவிடப் பெரிய தப்பு நமக்கு ஏது.

போன மாதக் கடைசி வியாழன், நன்றி நாள் விருந்துக்கு உன் லைல் மாமாவும் ரோண்டா அத்தையும் காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள், அம்மா வான்கோழிக்கு ஆபரேஷன் செய்யப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. பத்தொன்பது பவுண்டுப் பறவை, நீலத் துணி மேல் மல்லாந்து கிடந்தது, தலைமாட்டில் ரொட்டியும் வெங்காயமும் செலரியும் கலந்து வைத்திருந்தாள். தொடங்கும் முன் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு, நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்லவேண்டும், அதுதான் முறை. லைல் மாமா முகத்தில் சிரிப்பே இல்லாமல், நோயாளி வான்கோழி, ஆபரேஷன் வயிற்றில் ரொட்டி திணிப்பு, பக்கம் உள்பக்கம் என்றான். ஊசி இரண்டு, கத்தரிக்கோல் ஒன்று, கல்யாணத்துக்கு ரோண்டா கொடுத்த சின்ன ஸ்பூன் பன்னிரண்டு என்று அம்மா எண்ணிப் பலகையில் எழுதினாள். அதற்குப் பிறகு அவள் கை கழுவ ஐந்து நிமிடம் ஆகும், முழங்கை வரை. அந்த ஐந்து நிமிடத்தில்தான் சிக்ரிட், என் புத்தி புல் மேயப் போனது. அடுப்பு மேல் பூசணிப் பாயசம் மாதிரி அந்த இனிப்பு, நம் பூசணிப் பை பலகாரத்துக்கு உள்ளே வைப்பது, கிண்ணம் நிறைய. சர்க்கரையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அதன் வாசனைகூட எனக்குக் கிடையாது. கைக்கு எட்டினது நீலத் துணியில் இருந்த ஒரு ஸ்பூன். இரண்டு வாய்தான். குழாய் நின்ற சத்தம் கேட்டதும் ஸ்பூனைச் சட்டைப் பைக்குள் போட்டு ஸ்வெட்டர் பொத்தானையும் மாட்டிவிட்டேன்.

திணித்து முடித்து, தைக்க நூலைக் கோத்துவிட்டு எண்ணினால் பதினொன்று. மறுபடி எண்ணினால் பதினொன்று. ரோண்டாவைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக எண்ணினாலும் அதே பதினொன்று. எண்ணிக்கை சரிவராமல் வயிற்றைத் தைக்கக் கூடாது, அதில் அம்மா அசையமாட்டாள். யாராவது எடுத்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். லைல் இல்லை என்றான், ரோண்டா இல்லை என்றாள், என் முறை வந்தபோது என் தலை தானாக ஆடிவிட்டது. ஒரு தரம் ஆடின தலையை எப்படித் திருப்பி ஆட்டுவது, நீயே சொல். குப்பைத் தொட்டியைப் பேப்பரில் கொட்டித் துழாவினோம், இழுப்பறையை மூன்று தரம் எண்ணினாள், அடுப்பை நகர்த்தினோம். பன்னிரண்டு மணிக்குப் பாஸ்டரும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். வான்கோழி பச்சையாக வாயைப் பிளந்து கிடக்கிறது, நாங்கள் முழங்காலில் நிற்கிறோம், ஜெபம் செய்கிறோம் என்று நினைத்து அவரும் பக்கத்தில் முழங்காலிட்டுவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவசரமே இல்லை, நாங்கள் வீட்டில் ஏதோ கொறித்துவிட்டுத்தான் வந்தோம் என்றார், வயிறு கடமுடா என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது. ஆபரேஷனில் இப்படி ஆனால் நோயாளியை எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று அம்மா சொன்னதும்தான் லைல் மாமாவுக்குக் கண் பளபளத்தது. குதிரைக் கால் பார்க்கிற மெஷின் அவன் வண்டியிலேயே இருக்கிறது, மாட்டு டாக்டருக்கு அது இல்லாமல் முடியுமா. கராஜில் வைத்துப் படம் எடுத்தான். ஈயக் கவசம் ஒன்றே ஒன்று, அதை அவன் போட்டுக்கொண்டான், மற்ற நாங்கள் எல்லோரும் விருந்து உடுப்போடு வெளியே பனியில் நின்றோம். இடது காலில் பழைய எலும்பு முறிவு, நன்றாகக் கூடியிருக்கிறது, உள்ளே ஸ்பூன் கிடையாது என்று அறிக்கை கொடுத்தான். பிறகு பிஸ்கட்டின் மேல் சந்தேகம் வந்து அதையும் படுக்கவைத்து எடுத்தான், அந்தப் பாவப்பட்ட ஜீவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அடுத்து மனுஷங்களை வரிசையா நிறுத்தலாமா என்று லைல் சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டான், எனக்கு அந்தப் பனியிலும் வியர்த்துவிட்டது.

அன்று ஏழு மணிக்குச் சாப்பிட்டோம். கடைசித் துண்டை வழக்கம்போல் யாரும் எடுக்கவில்லை, பாதி பாதியாக வெட்டி வெட்டி ஒரு நகத்தளவு மிச்சம் வைத்தார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வாரம் கேலி பேசிவிட்டு விட்டிருப்பார்கள். நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். வெள்ளிக்கிழமை அம்மா குளிக்கப் போனபோது ஸ்பூனைக் கழுவி இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன், கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவாள், முடிந்தது கதை என்று எண்ணம். சனிக்கிழமை காலை அவள் இழுப்பறையைத் திறந்து எண்ணினாள். பன்னிரண்டு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், கை மடியில் விழுந்தது, இடுப்புக்குக் கீழே, அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. "ஏங்க, வியாழக்கிழமை இதே இழுப்பறைய மூணு தடவ எண்ணினேன். எங்கம்மாவுக்கும் மறதி இப்படித்தாங்க ஆரம்பிச்சுது," என்றாள். உன் அம்மா அழுது நான் பார்த்தது மொத்தம் நான்கு தடவை, இது ஐந்தாவது. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், சிக்ரிட். பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன், அந்த எழுத்து கண்ணுக்கு நேரே இருந்தது, பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். இந்த வயதில் என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போனது அன்றுதான்.

அன்றே உட்கார்ந்து, படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதிவிட்டாள். பன்னிரண்டு ஸ்பூன் எண்ணத் தெரியாதவள் ஒருத்தர் வயிற்றை எதை நம்பித் தைப்பாள் என்பது அவள் கேள்வி. நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், சொல்லவேண்டியதைத் தவிர. கண் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன், பார் என் யோக்கியதையை. ஆனால் டிசம்பர் ஒன்பதாம் தேதி செய்முறைத் தேர்வு. கல்லூரிப் பொம்மைக்கு இடுப்பு கழன்று பழுதுக்குப் போயிருந்ததால், ஆளுக்கு ஒரு உயிருள்ள நோயாளியைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார் திருமதி பெக்ஸ்ட்ரம். சர்ச்சில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற என்னை அம்மா முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். நோயாளியைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொண்டுவராமல் இருப்பது மரியாதை இல்லை, தேர்வை முடித்துவிட்டு வெளியே வரும்போது கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். இப்படித்தான் அவள் போனாள், மரியாதைக்காக.

என்னை மேஜை மேல் படுக்கவைத்து, வயிற்றில் ரப்பர்த் தோல் ஒன்றை ஒட்டி, கழுத்திலிருந்து கால் வரை நீலத் துணி போர்த்தினார்கள். முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் துணித் திரை, எனக்கு மேல்கூரை மட்டும்தான் தெரியும். கையைக் கட்டினார்கள், இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன், உண்மையில் தொளதொளவென்றிருந்தது. நீங்கள் மயக்கத்தில் இருக்கிறீர்கள், என்ன நடந்தாலும் பேசவோ அசையவோ கூடாது என்று திருமதி பெக்ஸ்ட்ரம் சொன்னார். அம்மா வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, காதால் கேட்டேன். ரத்தம் ஒற்றுகிற காஸ் துணி, அதைப் பத்து என்று கூடப் படிக்கிற பெண்ணோடு சேர்ந்து எண்ணினாள், நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும்போது இருக்குமே அந்தக் குரல், அதே குரல். பெருமையாக இருந்தது. பெருமையில் கண் கலங்கினால் எனக்கு மூக்கும் ஒழுகும் என்று உனக்குத் தெரியும். மீசை வரை வந்துவிட்டது. கட்டிலிருந்து கையை மெல்ல உருவித் துணிக்கு அடியில் நகர்த்தினேன், ஓரத்தில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது, இழுத்து மூக்கைத் துடைத்துக் கைக்குள்ளேயே சுருட்டி வைத்துக்கொண்டேன். அது என்ன என்று யோசிக்கவே இல்லை.

தைக்கும் முன் எண்ணினார்கள். ஒன்பது. மறுபடி எண்ணினார்கள். ஒன்பது. திருமதி பெக்ஸ்ட்ரம் கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் இருக்கிறது என்றார். அப்போது அம்மாவின் குரல் வந்தது, தியேட்டர்க் குரல் இல்லை, சனிக்கிழமைக் காலைக் குரல். "நான் தைக்க மாட்டேன். ஒண்ணு குறையுது. மொதல்ல நான்தான் தப்பா எண்ணியிருப்பேன், எனக்கு இப்ப..." என்று இழுத்தாள். அவள் அங்கியின் கீழே பையில் அந்தக் கடிதம் இருந்தது எனக்குத் தெரியும். நானும் என் அப்பாவும் அவர் அப்பாவும் எந்த இடத்திலும் வாயைத் திறந்து நாலு பேரைத் திரும்பிப் பார்க்கவைத்ததில்லை, சிக்ரிட். ஆனால் அன்று திறந்தேன். "என்கிட்ட இருக்கு," என்றேன் திரைக்கு இந்தப் பக்கமிருந்து. நோயாளி பேசக் கூடாது, மயக்கத்தில் இருக்கிறீர்கள் என்று திருமதி பெக்ஸ்ட்ரம் கண்டித்தார். தொடங்கினது தொடங்கிவிட்டது, இனி நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். "ஸ்பூனையும் நான்தான் எடுத்தேன், மார்லிஸ். சட்டைப் பையில வெச்சிருந்தேன். நாய் எடுக்கல. நீ சரியாத்தான் எண்ணின. ரெண்டு தடவையும் சரி," என்றேன். கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, எந்த ஸ்பூன், அதை எப்போது உள்ளே வைத்தோம் என்று பதறிப் பலகையைத் தேட ஆரம்பித்தாள்.

அம்மா அசையவில்லையாம். மேஜைக்கு முதுகு காட்டவில்லையாம், கையை இறக்கவில்லையாம், எனக்குத்தான் மேல்கூரை மட்டும் தெரியுமே. பிறகு, "ஏங்க, என் கை இப்ப சுத்தமா இருக்கு. அதனால தப்பிச்சீங்க," என்றாள். அடுத்த நொடியே தியேட்டர்க் குரலில், பத்தாவது காஸ் நோயாளி கையில், அசுத்தம், தனியே வைக்கவும், எண்ணிக்கை சரி, போர்த்திய துணியின் விளிம்பு அசுத்தமாகிவிட்டதால் புதுத் துணி கொடுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். மிச்சம் இருந்த இரண்டரை நிமிடத்தில் மறுபடி போர்த்தி, கையுறை மாற்றி, தைத்தும் முடித்தாள், கடைசி முடிச்சுக்கும் மணிக்கும் மூன்று நொடி. முப்பது வருடத்தில் ஒரு நோயாளி மயக்கத்திலிருந்து எழுந்து தன் மேல் தானே புகார் சொன்னதைப் பார்த்ததில்லை, இதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை என்றார் திருமதி பெக்ஸ்ட்ரம். எண்ணிக்கை சரிவரவில்லை என்றால் கை நிற்கிறதா என்றுதான் நான் பார்க்க வந்தேன், நின்றது, போய் வாருங்கள் என்று தேர்ச்சி போட்டுக் கொடுத்தார். எனக்கு நோயாளியாக நடிக்க வாழ்நாள் தடை.

வெளியே வண்டியருகே வந்ததும் அம்மா அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். எழுதினது நான், கிழிக்கவேண்டியது நீங்கள் என்றாள். கிழித்தேன். துண்டுகளை எண்ணச் சொன்னாள். பனியில் நின்றுகொண்டு எண்ணினேன், பதினாறு. அதற்குப் பிறகு நான்கு நாள் வீட்டில் உப்பு, உப்பு, காப்பி, காப்பி, இவ்வளவுதான் பேச்சு. லைலுக்கும் பாஸ்டருக்கும் நானே போன் செய்து சொல்லவேண்டும் என்று உத்தரவு, சொன்னேன். லைல் சிரித்து முடிக்கும் வரை போனை அப்படியே தொங்கவிட்டுப் பனி தள்ளும் வண்டிக்கு டீசல் போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் பரவாயில்லை என்றார், ஆனால் இன்றைய பிரசங்கத்தில் பூசணியைப் பற்றி இரண்டு இடத்தில் வந்தது. பிஸ்கட்டிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா இழுப்பறையைத் திறந்து பன்னிரண்டு ஸ்பூனையும் நீலத் துணியில் பரப்பினாள். எண்ணிக்கை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு பேர் கண்ணும் படும்படி, உரக்கச் செய்யவேண்டும், இதுவரை அவள் என்னை அந்த இரண்டாவது ஆளாக ஒரு நாளும் வைத்ததில்லை. கையைக் கழுவிட்டு வாங்க என்றாள். முழங்கை வரை கழுவினேன், ஐந்து நிமிடம், குறைக்கவில்லை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். முடிந்ததும் அந்தப் பூசணி எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை அதிகம் என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது என்றாள்.

நீ இருபத்து மூன்றாம் தேதி வருகிறாய் என்று இருவரும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். விமானம் மாறும் இடத்தில் காலுறை ஈரமாக இருந்தால் மாற்றிக்கொள். வாசலில் அம்மா எண்ணுவதற்காகப் பையைத் திறந்து காட்டச் சொல்வாள், காட்டிவிடு, ரோஷப்படாதே. அங்கே பிள்ளைகள் யாராவது ஒரு தப்பைச் செய்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றால் அதட்டாதே, கொஞ்சம் காத்திரு, சிலருக்கு வாய் திறக்க இரண்டு வாரம் ஆகும், சிலரை ஒரு மேஜையில் படுக்கவைத்துத் துணி போர்த்தவும் வேண்டியிருக்கும். நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நீ நீண்ட நாள் இருக்கவேண்டும், கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். மறக்காதே, இந்தக் கடிதம் மொத்தம் ஏழு தாள். பிரித்ததும் எண்ணிப் பார்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா ஆர்லன்

ஏழு. நானும் எண்ணினேன், சரி. அவர் சொன்னது இரண்டு வாய், கிண்ணத்தைப் பார்த்தவள் நான், ஆறு. அம்மா.